இயக்குநர் நாற்காலியிலிருந்து வகுப்பறைக்கு

1972ஆம் ஆண்டு அகமதாபாத் இந்திய மேலாண்மை நிறுவனத்தின் (ஐ.ஐ.எம்.) இயக்குநர் ரவி ஜான் மத்தாய் பதவியிலிருந்து விலகினார். அப்போது அவருக்கு 45 வயது. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. வேறொரு பெரிய பதவி கூப்பிட்டதால் போனவரும் அல்லர். வளாகத்தை விட்டுக்கூட அவர் வெளியேறவில்லை. ஏழு ஆண்டுகள் தன் கையெழுத்துக்காகக் காத்திருந்த பேராசிரியர்களின் வரிசையில் தானும் ஒருவராக அமர்ந்து, சாகும்வரை அங்கேயே பேராசிரியராகப் பணியாற்றினார். இந்தியக் கல்வி நிறுவனங்களின் வரலாற்றில் இதற்கு ஈடான முடிவுகள் அபூர்வம். துணைவேந்தராகவோ இயக்குநராகவோ இருந்தவர் அடுத்த பதவிக்குப் போவார், அல்லது ஓய்வு பெறுவார். படியிறங்கி வந்து பாடம் நடத்துவதை ஒரு சரிவாகவே நம் சமூகம் பார்த்து வந்திருக்கிறது. மத்தாய் அதைப் பேராசிரியர் வாழ்க்கையின் இயல்பான நிலையாகப் பார்த்தார். இயக்குநர் பொறுப்பு என்பது அவரைப் பொறுத்தவரை இடையில் சில காலம் தோளில் ஏற்றிக்கொள்ளும் சுமை.

ரவி மத்தாய் பிறந்தது 1927இல். தந்தை ஜான் மத்தாய் சென்னைக்கு நன்கு அறிமுகமானவர். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்து, மாநிலக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவர். பிறகு டாட்டா நிறுவனத்தில் உயர்ந்த பொறுப்புகளை வகித்து, சுதந்திர இந்தியாவின் முதல் ரயில்வே அமைச்சராகவும் அடுத்து நிதியமைச்சராகவும் ஆனார். திட்டக்குழுவுக்குத் தரப்படும் அதிகாரம் அமைச்சரவையின் பொறுப்பைக் குறைத்துவிடும் என்று கருதி 1950இல் நிதியமைச்சர் பதவியைத் துறந்தார். மகன் பதவி விலகிய காரணம் இதுவல்ல. ஆனாலும் பதவியைக் கழற்றி வைப்பது அந்த வீட்டில் யாரும் கேள்விப்படாத செய்தியாக இருந்திருக்காது.

டேராடூனில் டூன் பள்ளி, பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் அரசியலும் பொருளியலும் என்று ரவி மத்தாயின் படிப்பு அமைந்தது. இந்தியா திரும்பியதும் அவர் கல்லூரிப் பக்கம் போகவில்லை. கல்கத்தாவில் தனியார் நிறுவனத்தில் சேர்ந்து சுமார் பத்தாண்டுகள் மேலாளராக வேலை பார்த்தார். முனைவர் பட்டம் வாங்கவில்லை. இன்று ஐ.ஐ.எம்.களில் உதவிப் பேராசிரியர் பணிக்கே பொதுவாக முனைவர் பட்டம் வேண்டும். 1960களின் தொடக்கத்தில் நிலைமை வேறு. மேலாண்மை என்ற பாடமே இந்தியாவுக்குப் புதிது. அதைக் கற்பிக்கத் தகுதியானவர்கள் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் இருந்தார்கள், அல்லது பொருளியல், உளவியல், புள்ளியியல் துறைகளில் சிதறிக் கிடந்தார்கள். கல்கத்தாவில் புதிதாகத் தொடங்கியிருந்த ஐ.ஐ.எம்.மில் பேராசிரியராகச் சேர்ந்தபோது மத்தாயின் ஆசிரியர் வாழ்க்கை தொடங்கியது. அங்கிருந்து இரண்டே ஆண்டுகளில் அகமதாபாத் அவரை அழைத்தது.

அகமதாபாத் நிறுவனம் பிறந்த கதையைச் சொல்லாமல் மத்தாய் செய்ததை விளக்க முடியாது. மேலாளர்களை உருவாக்க இந்தியாவுக்குத் தனி நிறுவனங்கள் வேண்டுமா என்று ஆராய, கலிஃபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் ராபின்ஸ் 1959இல் இந்தியா வந்தார். அவர் பரிந்துரைத்தபடி 1961இல் இரண்டு நிறுவனங்கள் எழுந்தன. நவம்பரில் கல்கத்தா, டிசம்பரில் அகமதாபாத். மேற்குப் பகுதியில் நிறுவனம் பம்பாயில்தான் அமையும் என்று பலரும் நினைத்திருந்தபோது, அதை அகமதாபாத்துக்குக் கொண்டுவந்தவர்கள் மூவர்: இயற்பியலாளர் விக்ரம் சாராபாய், ஆலையதிபர் கஸ்தூர்பாய் லால்பாய், குஜராத்தின் முதல் முதலமைச்சர் ஜீவராஜ் மேத்தா. நிலம் மாநில அரசு தந்தது. ஊர்த் தொழிலதிபர்களும் மத்திய அரசும் ஃபோர்டு அறக்கட்டளையும் பணம் போட்டார்கள். கல்கத்தாவுக்கு எம்.ஐ.டி. கைகொடுத்தது, அகமதாபாத்துக்கு ஹார்வர்டு வணிகப் பள்ளி. சிவப்புச் செங்கல்லும் பெரிய வட்டத் திறப்புகளுமாக இன்றும் படம் எடுக்கப்படும் வளாகத்தை வடிவமைத்தவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான். அவருக்கு இங்கே துணைநின்றவர் பி.வி. தோஷி.

முதல் நான்கு ஆண்டுகள் சாராபாய் கௌரவ இயக்குநராக இருந்தார். ஆராய்ச்சி நிலையங்கள், விண்வெளித் திட்டம், குடும்பத் தொழில் என்று அவருக்கு நூறு வேலைகள். அன்றாடப் பொறுப்பின் பெரும்பகுதியைச் சுமந்தவர் நிறுவனத்தின் முதல் ஆசிரியரான கமலா சௌத்ரி. உளவியலாளரான அவர் சாராபாயின் ஜவுளி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவர். இளம் ஆசிரியர்களை ஹார்வர்டுக்கு அனுப்பியது, மேலாளர் பயிற்சிகளை நடத்தியது, 1964இல் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது ஆகிய எல்லாவற்றிலும் அவருடைய கை இருந்தது. நிறுவனர்களைப் பற்றிப் பேசும்போது அவர் பெயரை விட்டுவிடுவது பெரிய அநீதி. கோயம்புத்தூரில் பிறந்து லயோலாக் கல்லூரியில் இயற்பியல் படித்த சி.கே. பிரகலாத் அந்த முதல் மாணவர் அணியில் ஒருவர். 1966இல் அவர் படிப்பை முடித்தபோது மத்தாய் இயக்குநராகியிருந்தார்.

1965இல் முதல் முழுநேர இயக்குநராக மத்தாய் பொறுப்பேற்றபோது அவருக்கு 38 வயது. கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்தன, பாடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நிறுவனம் எப்படி நடக்க வேண்டும் என்பது மட்டும் முடிவாகாமல் இருந்தது. யார் முடிவெடுப்பது, யார் யாருக்குப் பதில் சொல்வது, பேராசிரியர் என்பவர் ஊழியரா பங்காளரா என்ற கேள்விகள் திறந்தே கிடந்தன. மத்தாயின் ஏழு ஆண்டுகள் முக்கியமாக இவற்றுக்கு விடை தேடிய ஆண்டுகள்.

நம் பல்கலைக்கழகங்கள் நடக்கும் விதத்தை நினைத்துப் பார்த்தால் அவர் செய்தது எவ்வளவு புதியது என்பது புரியும். மரபான பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தை மாற்ற வேண்டுமானால் பாடத்திட்டக் குழு, கல்விக் குழு, ஆட்சிக் குழு என்று கோப்பு படிப்படியாக ஏற வேண்டும். மேலே துணைவேந்தர், அவருக்கும் மேலே வேந்தரும் அரசும். பதிவாளர் அலுவலகம் சொல்வதுதான் நடைமுறை. வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு இந்த ஏணியின் கடைசிப் படியில்தான் இடம். துறைத்தலைவர் பதவியும் பணிமூப்பில் வந்து, ஓய்வு பெறும்வரை ஒருவரிடமே தங்கிவிடுவது அன்றைய வழக்கம்.

ஐ.ஐ.எம். பல்கலைக்கழகச் சட்டத்துக்குள் அடங்கவில்லை. சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவுசெய்யப்பட்ட ஒரு சங்கம் அது. அதனால் எம்.பி.ஏ. பட்டம் தர அதற்கு உரிமை கிடையாது. முதுநிலைப் பட்டயம் மட்டுமே தர முடிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் குறைபோலத் தோன்றும் இந்த ஏற்பாடுதான் நிறுவனத்துக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது. பாடத்தையும் தேர்வையும் மதிப்பெண் முறையையும் தானே தீர்மானிக்கலாம், யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். பட்டமளிக்கும் உரிமை ஐ.ஐ.எம்.களுக்கு வந்தது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். திருச்சி ஐ.ஐ.எம். உள்பட எல்லாமே இப்போது அதன்கீழ் வருகின்றன. அந்தச் சட்டம் இயக்குநரை நியமிக்கும் பொறுப்பை ஆட்சிமன்றத்திடம் தந்தது. 2023இல் வந்த திருத்தம் குடியரசுத் தலைவரைப் பார்வையாளராக்கி, நியமனத்துக்கு அவருடைய முன்னொப்புதலைக் கட்டாயமாக்கியது. ஆக, மத்தாய் காலத்தில் எழுந்த தன்னாட்சிக் கேள்வி இன்னும் முடிந்த கதையாகவில்லை.

சட்டம் கொடுக்கும் தன்னாட்சி ஒன்று, உள்ளே வாழும் தன்னாட்சி இன்னொன்று. அரசு தலையிடாத நிறுவனத்திலும் இயக்குநர் ஒரு குறுநில மன்னராக உட்கார்ந்துவிடலாம். தனியார் கல்லூரிகள் பலவற்றில் இது அன்றாடக் காட்சி. மத்தாய் இந்த ஆபத்தைத் தெளிவாகக் கண்டார். வெளியிலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கி நிற்பது இயக்குநரின் வேலை, உள்ளே கல்வி தொடர்பான முடிவுகளை எடுப்பது ஆசிரியர் குழுவின் வேலை என்று அவர் பிரித்தார். மாணவர் சேர்க்கை எப்படி, எந்தப் பாடம் கட்டாயம், ஒரு மாணவரைத் தேர்ச்சி பெறாதவராக அறிவிப்பதா என்பவை ஆசிரியர்கள் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டியவையாயின. இயக்குநருக்கு அங்கே ஒரு குரல்தான். சமமானவர்களில் முதல்வர் என்பதே அவர் வரைந்த இயக்குநரின் உருவம்.

இதற்கேற்ப அமைப்பும் மாறியது. வழக்கமான துறைகளுக்குப் பதிலாக, நிதி, சந்தையியல், உற்பத்தி, மனிதர் நடத்தை போன்ற பாடப் பகுதிகள் ஒருபுறம், வேளாண்மை போன்ற களங்களை ஆராயும் குழுக்கள் மறுபுறம். ஒரே பேராசிரியர் இரண்டிலும் இருக்கலாம். ஒவ்வொரு பகுதிக்கும், ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு தலைவர் உண்டு. ஆனால் அந்தப் பொறுப்பு சுற்றி வரும். இந்த ஆண்டு தலைவராக இருப்பவர் சில ஆண்டுகளில் சாதாரண உறுப்பினராவார், இளையவர் ஒருவர் தலைவராவார். முறை வரும்போது ஏற்று, முடிந்ததும் இறக்கி வைக்கும் கடமையாகத் தலைமை ஆகிவிட்டால் அதைச் சுற்றிக் கோஷ்டிகள் வளர்வது குறையும். எந்தக் கல்லூரியிலாவது துறைத்தலைவர் பதவிக்கு நடக்கும் பனிப்போரைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மேலாண்மைப் பேராசிரியரின் வேலை மற்றப் பேராசிரியர்களின் வேலையிலிருந்து சற்று மாறுபட்டது. ஹார்வர்டிலிருந்து வந்த கேஸ் முறையில், கோட்பாட்டைச் சொல்லிவிட்டு உதாரணம் தருவதில்லை. நிஜமான ஒரு நிறுவனத்தில் நிஜமான ஒரு மேலாளர் திணறிய சூழ்நிலை பத்து இருபது பக்கங்களில் எழுதித் தரப்படும். கணக்குகள் இருக்கும், கடிதங்கள் இருக்கும், முடிவு மட்டும் இருக்காது. மாணவர்கள் இரவெல்லாம் படித்துவிட்டு வந்து, நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லி வாதிட வேண்டும். இதற்காகவே வகுப்பறைகள் எல்லாரும் எல்லார் முகத்தையும் பார்க்கும்படி வளைந்த படிக்கட்டு வரிசைகளாகக் கட்டப்படுகின்றன. ஆசிரியர் இங்கே கச்சேரியில் தாளம் போடுபவரைப் போன்றவர். வேகத்தைக் கட்டுப்படுத்துவார், பாடுவது மாணவர்கள்.

அத்தகைய கேஸ் அமெரிக்காவிலிருந்து வந்தால் போதாது. லைசென்ஸ் வாங்க டெல்லிக்கு அலையும் ஆலை அதிபரின் திண்டாட்டம் பாஸ்டனில் எழுதிய கேஸில் இருக்காது. ஆகவே ஆசிரியர்கள் ஆலைகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் வங்கிகளுக்கும் போய் உட்கார்ந்து, கேட்டு, எழுத வேண்டியிருந்தது. கற்பித்தல், ஆராய்ச்சி, பணியிலுள்ள மேலாளர்களுக்குப் பயிற்சி, நிறுவனங்களுக்கு ஆலோசனை என்று நான்கு வேலைகள் ஒரே ஆளிடம் சேர்ந்தன. ஆலோசனையில் பணம் கிடைக்கும், ஆராய்ச்சியில் கிடைக்காது. கட்டுப்பாடு இல்லாவிட்டால் பேராசிரியர் எந்தப் பக்கம் சாய்வார் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடுமையான விதிகளைக் குவித்து இதைச் சமாளிப்பது ஒரு வழி. பேராசிரியர்களே தங்களுக்குள் வரம்பு பேசி வகுத்துக்கொள்ளட்டும் என்பது மத்தாயின் வழி. சக ஆசிரியரின் பார்வை வருகைப் பதிவேட்டைவிட வலிமையான காவல் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு. முடிவுகள் தாமதமாகும், கூட்டங்கள் நீளும், சோம்பேறியும் சுதந்திரத்தை அனுபவிப்பான். எல்லாரையும் சந்தேகித்து நடத்தும் நிறுவனம் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டால் இது குறைவு என்றே சொல்ல வேண்டும்.

மத்தாய் காலத்து இன்னொரு திருப்பம், மேலாண்மை என்பது கம்பெனிகளுக்கு மட்டும் உரியதா என்ற கேள்வியிலிருந்து வந்தது. பசுமைப் புரட்சி தொடங்கியிருந்த காலம் அது. வீரிய விதை ஊருக்கு ஊர் போய்ச் சேர வேண்டும், உரம் விதைப்புக்கு முன்னால் கடைக்கு வர வேண்டும், கடன் உரிய நேரத்தில் கிடைக்க வேண்டும். இவற்றில் எது தவறினாலும் ஒரு போகம் போய்விடும். தட்டுப்பட்ட முடிச்சுகளில் பல வேளாண் அறிவியல் சார்ந்தவை அல்ல, நிர்வாகம் சார்ந்தவை. அகமதாபாத்தின் வேளாண் ஆய்வுக் குழு இந்த இடத்தில் வளர்ந்து, வேளாண் மேலாண்மைக்கென ஒரு மையமாகவே ஆனது. ஆசிரியர்களை உருவாக்கும் முனைவர் நிலைப் படிப்பு 1971இல் தொடங்கியது. பிறகு பள்ளிக்கல்வி, சுகாதாரம், அரசுப் பணிகள் என்று நிறுவனத்தின் பார்வை விரிந்தது. பெரிய கம்பெனிகளிடம் மேலாளர்கள் இருக்கிறார்கள், நாட்டின் பெரும்பகுதி மக்கள் வாழும் துறைகளில் இல்லை என்பதே இதன் பின்னிருந்த கவலை. படிப்பை முடித்த மாணவர்கள் பெரும்பாலும் பெரிய கம்பெனிகளையே தேடிப் போனார்கள் என்பதும் உண்மை. அந்த முரண் மத்தாயை விடாமல் உறுத்தியிருக்க வேண்டும். அவருடைய பிற்கால வேலைகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

இந்த வளர்ச்சியின் உச்சத்தில்தான் 1972இல் அவர் விலகினார். தலைவர் ஒருவரே நீண்ட காலம் இருந்தால் நிறுவனம் அவருடைய பழக்கவழக்கங்களின் நிழலாகிவிடும், புதிய எண்ணங்கள் அவர் விருப்பு வெறுப்பைத் தாண்டி நுழையா என்பது அவர் கருத்து. இன்னும் சில ஆண்டுகள் இருங்கள் என்று வேண்டியவர்கள் இருந்தும் அவர் அசையவில்லை. அடுத்து வந்தவர் நிறுவனத்தின் உள்ளேயிருந்தே வந்த சாமுவேல் பால். 1978வரை இயக்குநராக இருந்து அவரும் விலகினார். பின்னாளில் பெங்களூரில் பொது விவகார மையத்தை நிறுவி, நகராட்சி சேவைகளுக்கு மக்களே மதிப்பெண் போடும் அட்டை முறையைக் கொண்டுவந்தவர் இவர்தான்.

முன்னாள் தலைவர் அதே வளாகத்தில் இருப்பது புதியவருக்குச் சங்கடம் தரக்கூடியது. பழையவரிடம் போய்ப் புகார் சொல்பவர்கள் எங்கும் இருப்பார்கள். சாமுவேல் பால் தன் வழியில் நிறுவனத்தை நடத்த முடிந்தது என்றால், பேராசிரியர் மத்தாய் தன் எல்லையை அறிந்து நடந்துகொண்டதும் அதற்கு ஒரு காரணம். பதவியை விடுவதைவிட, விட்டபின் அதன் நிழலில் நிற்காமல் இருப்பது கடினம்.

அமெரிக்க வணிகப் பள்ளிகளில் டீன் பொறுப்பு முடிந்து பேராசிரியராகத் திரும்புவது இயல்பான வழக்கம். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் டீனாகப் பத்தாண்டுகள் இருந்த நிதின் நோரியாவுக்குப் பின், 2021இல் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் ஸ்ரீகாந்த் தாதார். 1978இல் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படிப்பை முடித்தவர் அவர். ஒரு காலத்தில் ஹார்வர்டிடம் கைபிடித்து நடை பழகிய நிறுவனத்தின் மாணவர் ஹார்வர்டின் பள்ளிக்கே தலைவரானார். பொறுப்பு முடிந்து பேராசிரியராகத் திரும்பும் வழக்கத்தை இந்தியாவில் தன்மேலேயே நடத்திக் காட்டியவர் மத்தாய்.

பேராசிரியராகத் திரும்பியபின் அவர் கல்வி நிறுவனங்களைப் பற்றியே அதிகம் யோசித்தார். சில நிறுவனங்கள் பிறந்த வேகத்தில் தேங்கிப் போகின்றன, சில தங்களைத் தாங்களே புதுப்பித்துக்கொள்கின்றன. இது ஏன்? உதய் பரீக், டி.வி. ராவ் ஆகிய சகாக்களோடு சேர்ந்து கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களைக் கட்டியெழுப்புவது பற்றி 1977இல் ஒரு நூலைத் தொகுத்தார். நிறுவனம் கட்டுதல் என்ற சொற்றொடர் இந்திய மேலாண்மை வட்டாரத்தில் வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் அவருடைய பின்வாழ்க்கையின் மையம் எந்த நூலிலும் இல்லை, ராஜஸ்தானின் அஜ்மீர்ப் பகுதியில் ஜவாஜா என்ற வறண்ட வட்டாரத்தில் இருந்தது. சுமார் 200 கிராமங்கள், 80,000 மக்கள். மழை பொய்ப்பது அங்கே வழக்கம், பெய்வதுதான் செய்தி. வளர்ச்சிக்கான வளம் எதுவும் இங்கே இல்லை, மக்கள் மட்டுமே இருக்கிறார்கள் என்ற வகையில் அரசுக் கோப்புகள் அந்த வட்டாரத்தைக் கைவிட்டிருந்தன. மத்தாய்க்கு அந்த முடிவே விசித்திரமாகப் பட்டது. மக்கள் இருக்கிறார்களே, அது வளமில்லையா? 1975இல் அவர் தன் சகாக்கள் சிலரோடு ஜவாஜாவுக்குப் போனார். அகமதாபாத்திலேயே இருந்த தேசிய வடிவமைப்பு நிறுவனமும் சேர்ந்துகொண்டது. அதன் அப்போதைய நிர்வாக இயக்குநர் அசோக் சாட்டர்ஜி கடைசிவரை கூட நின்றார்.

அங்கே ஏற்கெனவே என்ன திறமை இருக்கிறது என்று தேடியபோது இரண்டு சமூகங்கள் கண்ணில் பட்டன. தோல் வேலை செய்யும் ரேகர்கள், நெசவு செய்யும் புன்கர்கள். இரண்டுமே சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்ட சமூகங்கள். செத்த மாட்டின் தோலை உரிப்பதால் ரேகர்கள் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டிருந்தார்கள். மூலப்பொருளுக்கும் கடனுக்கும் விற்பனைக்கும் மேலே இருப்பவர்களை நம்பியே வாழ்ந்தார்கள். கையில் தொழில் இருந்தும் வறுமை தீராததற்குக் காரணம் திறமைக் குறைவல்ல, இந்தச் சார்புதான் என்று மத்தாயின் குழு கண்டது.

வடிவமைப்பு நிறுவனத்தின் இளைஞர்கள் ரேகர்களோடு உட்கார்ந்து தோல்பைகளையும் புன்கர்களோடு உட்கார்ந்து கம்பளங்களையும் உருவாக்கினார்கள். நகரச் சந்தையில் விலைபோக வேண்டும், அதே சமயம் உள்ளூர்ப் பொருளையும் கைவேலையையும் கொண்டே செய்ய முடிய வேண்டும். வெளியூர் இயந்திரத்தை நம்பும் பொருளாக இருந்தால் ஒரு சார்பு போய் இன்னொரு சார்பு வந்துவிடும். பொருளைச் செய்வது பாடத்தின் எளிய பகுதி. கணக்கு வைப்பது, தரம் பார்த்துத் தங்கள் சரக்கையே தாங்கள் கழிப்பது, வங்கி மேலாளர் எதிரே உட்கார்ந்து கடன் கேட்பது, நகரத்து வியாபாரியிடம் விலை பேசுவது, லாபத்தைச் சண்டையில்லாமல் பங்கிடுவது ஆகியவை கடினமான பகுதிகள். ஐ.ஐ.எம். வகுப்பில் நிதி, தரக்கட்டுப்பாடு, சந்தையியல், பேச்சுவார்த்தை என்று கற்பிக்கப்படும் அதே பாடங்கள்தான் இவை. இங்கே கேஸ் எழுதித் தரப்படவில்லை, மாணவர்களே அதற்குள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். மத்தாய் இதைக் கிராமப்புறப் பல்கலைக்கழகம் என்று அழைத்தார். சுவரும் பட்டமும் இல்லாத பல்கலைக்கழகம், சம்பாதிப்பதன் வழியாகவே கற்றுக்கொள்ளும் இடம்.

அது தர்மகாரியமாகிவிடக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். கிராமத்தவர் கேட்கிறார்கள் என்பதற்காக வெளியாட்கள் எதையும் செய்து கொடுத்துவிடக் கூடாது, அவர்களே செய்யக் கற்கும்வரை காத்திருக்க வேண்டும். வெளியாட்கள் விலகிப் போவது தொடக்கத்திலேயே திட்டத்தின் பகுதியாக இருந்தது. இயக்குநர் நாற்காலியில் தனக்கு வைத்துக்கொண்ட அளவுகோலையே ஜவாஜாவிலும் அவர் வைத்தார். தான் இல்லாமலும் நடக்கிறதா என்பதே அந்த அளவுகோல். பாதை நேராக இருக்கவில்லை. சரக்கு திரும்பி வந்தது, கூட்டாளிகள் முறைத்துக்கொண்டார்கள், பழைய வணிகர்களின் எதிர்ப்பு இருந்தது. ஆனாலும் இரண்டு சமூகத்தினரும் சேர்ந்து ஜவாஜாக் கைவினைஞர் கூட்டமைப்பு என்ற தங்கள் சொந்த அமைப்பைத் தொடங்கினார்கள்.

ஏறத்தாழ இதே காலத்தில் குஜராத்தின் ஆனந்தில் இன்னொரு நிறுவனம் உருவானது. பால் கூட்டுறவுகளுக்குப் படித்த மேலாளர்கள் வேண்டும், ஐ.ஐ.எம். மாணவர்களோ கம்பெனிகளை விட்டு வருவதில்லை என்ற கவலையில் வர்கீஸ் குரியன் 1979இல் ஊரக மேலாண்மை நிறுவனத்தைத் தொடங்கினார். லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்த குரியன், மத்தாய் குடும்பத்துக்கு உறவினர். கமலா சௌத்ரி அதன் தொடக்க காலத்துக்குத் தலைமை தாங்கினார். அதன் நூலகம் மத்தாயின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

1984இல் மத்தாய் காலமானார், 60 வயதைக்கூட எட்டாமல். ஜவாஜா அனுபவத்தை விவரிக்கும் அவருடைய நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. 1991இல் அகமதாபாத் ஐ.ஐ.எம். அவர் பெயரில் கல்விப் புத்தாக்க மையத்தை அமைத்தது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தாங்களே கண்டுபிடித்த கற்பிக்கும் வழிகளைத் திரட்டுவதும், பள்ளி, கல்லூரித் தலைவர்களுக்குப் பயிற்சி தருவதும் அதன் வேலைகளில் அடங்கும்.

ஜவாஜாவில் ரேகர்களின் தோல்பைகளும் புன்கர்களின் கம்பளங்களும் அவர் மறைந்து பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. கணக்கையும் விலையையும் பார்த்துக்கொண்டவர்கள் அந்தக் கைவினைஞர்களும் அவர்கள் பிள்ளைகளுமே.